'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை வாங்கியவரா? பத்திரம் மட்டும் போதாது!

வேனில் ஏற்றிக்கொண்டு போய், மதியச் சாப்பாடும் போட்டு, மஞ்சள் கல் நட்ட இடத்தைக் காட்டி, "பஞ்சாயத்து அப்ரூவல் சார், அடுத்த வருஷமே விலை டபுள்" என்று சொல்லி விற்கப்பட்ட மனைகள் தமிழ்நாட்டில் ஏராளம். மாதத் தவணை கட்டி, நகையை அடகு வைத்து வாங்கியவர்களில் பலர் கூலித் தொழிலாளர்கள், டிரைவர்கள், மில் வேலைக்காரர்கள். வீடு கட்டப் போகும்போதுதான் சிக்கல் தெரிய வருகிறது.

யாருக்கு அதிகாரம்?

விவசாய நிலத்தை மனைகளாகப் பிரிக்க லே-அவுட் அனுமதி வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வும், மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் (டி.டி.சி.பி.) இதைத் தருகின்றன. 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்பு சட்டம் இதற்கு அடிப்படை. பஞ்சாயத்துத் தலைவர் தானாக லே-அவுட் அனுமதி தர முடியாது. அவர் கையெழுத்துப் போட்ட வரைபடமோ, வீட்டு வரி ரசீதோ அங்கீகாரம் ஆகாது.

அங்கீகாரம் கேட்டால் சாலைக்கு முறையான அகலம் விட வேண்டும். பெரிய லே-அவுட் என்றால் பூங்கா, விளையாட்டு இடத்துக்கு 10 சதவீத நிலத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். நஞ்சை நிலம் என்றால் கோப்பு கலெக்டர் வரை போகும். இந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் பலர் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற குறுக்கு வழியில் போனார்கள்.

ஐகோர்ட்டு போட்ட தடை

வயலும் ஏரிக்கரையும் மனைகளாக மாறுவதை எதிர்த்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்ய சென்னை ஐகோர்ட்டு 2016 செப்டம்பர் 9-ந்தேதி இடைக்காலத் தடை விதித்தது. சப்-ரிஜிஸ்தர் ஆபீசுகள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்கலாம் என்று இருந்தவர்கள் திண்டாடிப் போனார்கள்.

அதன்பின் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு திருத்தப்பட்டு 2016 அக்டோபர் 20-ந்தேதி நடைமுறைக்கு வந்தது. இதன்படி அங்கீகாரம் இல்லாத புது மனையைப் பதிவு செய்ய முடியாது. ஆனால் அதே மனை ஏற்கனவே வீட்டுமனையாகப் பதிவாகி இருந்தால் மறுபடி பதியலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பத்திரம் பதிவாயிடுச்சே, அப்புறம் என்ன?" என்று நினைக்கிறார்கள். பத்திரம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மனை இன்னார் கைக்கு மாறியது. அந்த இடத்தில் வீடு கட்டலாம் என்று அது சொல்லவில்லை.

வரன்முறை என்றால் என்ன?

ஏற்கனவே வாங்கியவர்களைக் கைவிட முடியாது என்பதால் 2017 மே 4-ந்தேதி அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20-ந்தேதி வரை பத்திரம் போட்டு விற்கப்பட்ட மனைகளுக்கு இது பொருந்தும். சாலை அகலம் குறைவாக இருந்தாலும் 'உள்ளது உள்ளபடியே' ஏற்றுக்கொள்வதுதான் இதில் உள்ள பெரிய சலுகை. அதே ஆண்டு அக்டோபரில் கட்டணமும் குறைக்கப்பட்டது.

லே-அவுட் போட்ட புரோக்கர் ஓடிப்போய்விட்டாலும் பயப்பட வேண்டாம். முதலில் மொத்த லே-அவுட்டுக்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தன் மனைக்குத் தனியாக மனு போடலாம். மனை வாங்கிய நாலு பேர் சேர்ந்து போனால் வேலை சுலபம்.

கையில் இருக்க வேண்டியவை: கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட நகல், லே-அவுட் வரைபடம்.

வரன்முறை செய்யாவிட்டால் கட்டட அனுமதி கிடையாது. கரண்டு, தண்ணீர், சாக்கடை இணைப்புக்கும் சிக்கல் வரும். பாங்கியில் வீட்டுக் கடன் கேட்டாலும் முதல் கேள்வி இதுதான்.

எதற்குக் கிடைக்காது?

ஏரி, குளம், வாய்க்கால், அரசுப் புறம்போக்கு, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம், உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே உள்ள இடம் ஆகியவற்றில் போட்ட மனைகளுக்கு வரன்முறை கிடையாது. எவ்வளவு பணம் கட்டத் தயாராக இருந்தாலும் நடக்காது. அப்படி யாராவது "முடிச்சுத் தர்றேன்" என்று முன்பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

மனு போடும் கடைசி தேதி பலமுறை நீட்டிக்கப்பட்டு இருக்கிறது. இப்போது மனு வாங்குகிறார்களா என்பதை டி.டி.சி.பி. மாவட்ட அலுவலகத்திலோ, சி.எம்.டி.ஏ.விலோ நேரில் கேட்டுவிட்டு மேற்கொண்டு செலவு செய்வது நல்லது.

புதிதாக வாங்குபவர்கள் கவனத்துக்கு

* அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே லே-அவுட் அனுமதி எண்ணை வாங்கி, அந்த அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். விளம்பர நோட்டீசில் அச்சடித்த எண்ணை நம்பக் கூடாது.

* 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்டுக்கு மேல் உள்ள நிலத்தை மனை போட்டு விற்றால் 'ரெரா' பதிவு கட்டாயம். அந்தப் பதிவு எண்ணையும் கேட்க வேண்டும்.

* "மனையாகப் பதிய முடியாது, பிரிபடாத பாகமாக எழுதித் தர்றோம்" என்றால் உஷார்! காகிதத்தில் அது வயலில் ஒரு பங்குதான்.

* அப்ரூவல் மனையைவிட விலை ரொம்பக் குறைவு என்றால், ஏன் குறைவு என்று கேட்க வேண்டும்.

ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, நேரில் போய் விசாரித்த பிறகு பணத்தை எடுக்க வேண்டும். இருபது வருஷ சேமிப்பு அந்த ஒரு நாளில்தான் தப்பும்.