ஃப்ரீபிஎஸ்டி மூலநிரல் பெறுதல்

1993-இல் தொடங்கிய ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் கர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரல் தொகுப்பில் வளர்கின்றன. நிறுவும்போது ‘எஸ்ஆர்சி’ என்ற பகுதியைத் தேர்ந்தெடுக்காதவர்கள் பின்னரும் அதைப் பெறலாம். முக்கிய வழிகள் இரண்டு. வெளியீட்டுடன் வரும் சுருக்கக் கோப்பை இறக்கி, வேர் அடைவில் விரிப்பது எளிது. ஆனால் திருத்தங்களைத் தொடர்ந்து பெற ‘கிட்’ என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி வழியே நகலெடுப்பதே மேல். இந்த மூலநிரல் தொகுப்பு 2020 டிசம்பரில் சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாறியது. கிட் அடிப்படை அமைப்பில் இல்லை; பொதி மேலாளர் மூலம் நிறுவ வேண்டும்.

கிளைத் தேர்வில் கவனம் தேவை. ‘யூநேம்’ கட்டளை காட்டும் பதிப்புக்குரிய வெளியீட்டுக் கிளையையே எடுக்க வேண்டும். முதன்மைக் கிளையில் இருப்பது இன்னும் வெளிவராத பதிப்பு. நிரல் வழக்கமாக ‘யூஎஸ்ஆர்’ அடைவுக்குள் ‘எஸ்ஆர்சி’யில் அமரும். அதில் ‘சிஸ்’ அடைவு கர்னலுக்குரியது. அன்றாடம் தட்டும் ‘கேட்’ கட்டளையின் சி நிரல் ‘பின்’ அடைவில் இருக்கிறது. படிக்கத் தொடங்குவோருக்கு அந்தச் சிறு கோப்பைவிட நல்ல வாசல் இல்லை. சில வன்பொருள் இயக்கிகளைத் தொகுக்கவும், ‘ஜெனரிக்’ என்ற இயல்புநிலைக் கர்னல் அமைப்பைத் திருத்திச் சொந்தக் கர்னல் கட்டவும் இத்தொகுப்பு தேவைப்படும்.