லியர் மன்னனும் பக்கத்து மேடையும்

காலனியப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கியம் என்ன செய்தது என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் தயாராகக் கிடக்கின்றன. ஒன்று, அது குமாஸ்தாக்களை உற்பத்தி செய்தது, ஷேக்ஸ்பியரைக் காட்டி அடிமைப்படுத்தியது என்பது. மற்றது, அதே ஷேக்ஸ்பியரைப் படித்தவர்கள்தானே பிறகு எதிர்த்து எழுதினார்கள், ஆகவே ஆங்கிலம் விடுதலைக்கும் கதவு திறந்தது என்பது. இரண்டையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டது. இரண்டு தரப்புமே பாடப்புத்தகத்தை மட்டும் பார்க்கிறது என்பது என் சந்தேகம். பள்ளிக்கூடம் என்பது புத்தகம் மட்டுமா? மேடை இருக்கிறது, விவாத மன்றம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது, இவை எல்லாவற்றுக்கும் நாள் குறித்துக் கொடுக்கிற கால அட்டவணை இருக்கிறது. அதிகாரம் எந்த வரிக்குள் ஒளிந்திருக்கிறது என்று பிரதியைத் துருவுகிறோம். எந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்க்கலாமே. கென்யாவின் அலையன்ஸ் உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொண்டு அதைச் செய்து பார்க்கிறேன்.

1

1926 மார்ச் 1 அன்று 27 பையன்களோடு தொடங்கிய பள்ளி இது. நைரோபிக்கு அருகே கிகூயு என்கிற ஊரில் இருக்கிறது. புராட்டஸ்டண்டு மிஷன்கள் பல கூட்டுச் சேர்ந்து நடத்தியதால் அலையன்ஸ் என்று பெயர். ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி கொடுத்ததில் கென்யாவில் இதுதான் முதல் பள்ளி. 1940 முதல் 1962 வரை கேரி பிரான்சிஸ் தலைமையாசிரியராக இருந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்பித்துவிட்டு மிஷன் வேலைக்கு வந்தவர். 1963 டிசம்பரில் கென்யா விடுதலை பெற்றபோது புதிய அமைச்சரவையில் உட்கார்ந்தவர்களில் பலர் இவரிடம் படித்தவர்கள். 'சேவைக்கு வலிமை' என்பதுதான் பள்ளியின் குறிக்கோள். யாருக்குச் சேவை என்பதை அந்த வாசகம் சொல்லவில்லை.

அலையன்ஸை மட்டும் தனியாகப் பார்த்தால் படம் முழுமையாகாது. மிஷன் பள்ளிகளோடு பிணக்கு ஏற்பட்டு, கிகூயு மக்கள் தாங்களே காசு போட்டு நடத்திய சுயேச்சைப் பள்ளிகள் 1930கள் முதல் பெருகியிருந்தன. 1952 அக்டோபர் 20 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மாவ் மாவ் எழுச்சியை வளர்க்கிற இடங்கள் என்று சொல்லி இந்தப் பள்ளிகளை மூடினார்கள். சிலவற்றை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆக, 1950களில் ஆங்கிலம் வகுப்பறைக்குள் வந்தது வெறும் பாடத்திட்ட மாற்றத்தால் அல்ல. பக்கத்தில் இருந்த இன்னொரு கல்வி முறையைப் போலீஸை வைத்துப் பூட்டிவிட்டு வந்தது.

இந்த மாற்றத்தைத் தன் உடம்பில் அனுபவித்தவர் கூகி வா தியாங்கோ. 2025 மே மாதம் காலமானார். 1986இல் வெளிவந்த அவருடைய கட்டுரை நூல் வழியாகவும், 2010லும் 2012லும் வந்த நினைவு நூல்கள் வழியாகவும் நமக்கு இந்தக் கதை தெரியும். தொடக்கப் பள்ளியில் தாய்மொழி பேசிய பையனிடம் ஓர் அடையாளப் பொருளைக் கொடுப்பார்கள். அவன் அடுத்துத் தாய்மொழி பேசுகிறவனைப் பிடித்து அவனிடம் தள்ளிவிட வேண்டும். சாயங்காலம் யார் கையில் இருக்கிறதோ அவன் யாரிடம் வாங்கினான் என்று சொல்ல, அப்படியே சங்கிலி பிடித்துப் பேசிய அத்தனை பேருக்கும் அடி. மொழிக் கல்வியோடு சேர்த்துக் காட்டிக்கொடுக்கவும் பழக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஊருக்குள் அதே வேலையை அரசாங்கம் பெரியவர்களைக் கொண்டு செய்துகொண்டிருந்த காலம் அது.

2

பரீட்சைக்கு வருவோம். உயர்நிலைப் பள்ளிக்குப் போகத் தொடக்கக் கல்வியின் முடிவில் ஒரு பொதுத் தேர்வு. மற்ற பாடங்களில் என்ன வாங்கினாலும் சரி, ஆங்கிலத்தில் தவறினால் மொத்தமும் தவறியதாகக் கணக்கு. தன்னோடு 1954இல் எழுதிய ஒரு பையனைப் பற்றி கூகி சொல்கிறார். மற்றதெல்லாம் பிரமாதமான மதிப்பெண், ஆங்கிலத்தில் போய்விட்டது. அவன் பஸ் கம்பெனியில் எடுபிடி வேலைக்குப் போனான். மற்ற பாடங்களில் அவனைவிடக் கீழே இருந்த கூகிக்கு ஆங்கிலம் கைகொடுத்தது. அலையன்ஸில் இடம் கிடைத்தது.

இந்த வரலாற்றை எழுதுகிற யாருக்கும் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில இலக்கிய நடவடிக்கைகளைப் பற்றி நமக்குக் கிடைக்கிற சாட்சியம் எல்லாம் அந்தச் சல்லடையில் மேலே நின்றவர்களுடையது. கீழே விழுந்தவன் நினைவு நூல் எழுதவில்லை. ஆங்கிலம் எதிர்ப்புக்கும் உதவியது என்று வாதாடுகிறவர்கள் உதவி பெற்றவர்களை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பஸ் கம்பெனிப் பையன் கணக்கிலேயே வருவதில்லை.

3

உள்ளே என்ன நடந்தது? முதலில் நூலகம். கிராமத்துப் பையன்களுக்கு அது சொர்க்கம், இதில் சந்தேகம் வேண்டாம். டிக்கன்ஸ், ஸ்டீவன்சன், ரைடர் ஹேகார்டு, அப்புறம் கேப்டன் ஜான்ஸ் எழுதிய பிகிள்ஸ் என்கிற விமானி நாயகனின் சாகசக் கதைகள். பிகிள்ஸ் பிரிட்டிஷ் விமானப் படைக்காரன். 1953 முதல் 1955 வரை அதே விமானப் படை மாவ் மாவ் போராளிகள் இருந்த காடுகளில் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. கூகியின் அண்ணன் காட்டுக்குப் போய்விட்டவர். தம்பி விடுதியில் படுத்துக்கொண்டு விமானி ஜெயிக்க வேண்டும் என்று பக்கத்தைப் புரட்டுகிறான். கருத்தியல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட எளிமையான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கதை சுவாரசியமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து நாடகம். ஆண்டுதோறும் ஒரு ஷேக்ஸ்பியர் நாடகம், பள்ளியின் பெரிய விழாக்களில் ஒன்று. 1955க்கும் 1958க்கும் இடையில் 'ஆஸ் யூ லைக் இட்', 'நான்காம் ஹென்றி' முதல் பாகம், 'கிங் லியர்', 'மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' ஆகிய நான்கும் மேடையேறின. அந்த ஆண்டுகளில் வெளியே நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1954இல் வந்த ஸ்வின்னர்டன் திட்டத்தின்படி கிகூயு நிலங்கள் அளந்து ஒன்றுசேர்க்கப்பட்டுப் பட்டா போடப்பட்டன. முகாமில் அடைபட்டவர்களும் காட்டில் இருந்தவர்களும் நிலம் இழந்தார்கள். 1956 அக்டோபரில் டெடான் கிமாத்தி பிடிபட்டார். 1957 பிப்ரவரி 18இல் தூக்கிலிடப்பட்டார். பள்ளி மேடையிலோ ஒரு கிழட்டு ராஜா வரைபடத்தை விரித்து நிலத்தைப் பங்கு போடுகிறான்; இன்னொரு ராஜாவை எதிர்த்துக் கலகக்காரர்கள் படை திரட்டித் தோற்கிறார்கள். பிரதியில் எல்லாமே இருந்தது. நிலம், கலகம், துரோகம், குருட்டு அதிகாரம் என எதுவும் பாக்கியில்லை. ஆனால் நிலமும் கலகமும் மேடையில் இங்கிலாந்துக்குச் சொந்தமாக இருக்கும்வரை யாருக்கும் ஆபத்தில்லை. ஆபத்தான பிரதியைக்கூட ஆபத்தில்லாமல் நடத்திக்காட்ட முடியும் என்பதுதான் அந்த ஆண்டு விழாவின் சாதனை என்று எனக்குப் படுகிறது.

விவாத மன்றத்தில் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது. மேலைக் கல்வி ஆப்பிரிக்காவுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்ததா என்று ஒரு விவாதம். கூகி எழுந்து ஒரு பென்சிலைக் காட்டிப் பேசினார்: வீட்டுக்கு வந்தவன் நிலத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்கு இதைக் கொடுத்தால் அது நியாயமான பண்டமாற்றா என்கிற மாதிரி. பென்சிலை அவனே வைத்துக்கொள்ளட்டும், நிலம் எனக்கு. நல்ல வாதம்தான். ஆனால் பேசியது ஆங்கிலத்தில், பள்ளி அனுமதித்த மன்றத்தில், கேட்டவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட சில நூறு பையன்கள். நிலம் போனவர்கள் யாரும் அங்கே இல்லை. அந்தப் பேச்சாளர் 1955இல் முதல் பருவம் முடிந்து விடுமுறைக்கு வீடு போனபோது ஊரே இல்லை. வீடுகளை இடித்து எல்லாரையும் கமிரீத்து என்ற நெருக்கடிக்காலக் குடியிருப்புக்குத் தள்ளியிருந்தார்கள். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

இதே பள்ளியில் இன்னொரு மேடையும் இருந்தது. விமர்சகர்கள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. 1950களில் அலையன்ஸ் மாணவர்கள் சிலர் கிஸ்வாஹிலியில் தாங்களே நாடகம் எழுதி நடித்தார்கள். ஹென்றி குரியாவின் 'நாகுபெண்டா, லாகினி', அதாவது 'உன்னைக் காதலிக்கிறேன், ஆனால்'. கிமானி நியோய்கேயின் 'மைஷா நி நினி', வாழ்க்கை என்றால் என்ன. கெரிஷோன் கூகியின் 'நிமெலோக்வா நிசிவே நா ம்பென்சி', எனக்குக் காதலி கிடைக்காதபடி சூனியம் வைத்துவிட்டார்கள். குருட்டுவின் 'அடகிவா நா போலிசி', போலீஸ் தேடுகிற ஆள். கிஸ்வாஹிலியில் அச்சேறிய ஆரம்ப கால நாடகங்களில் இவை சேரும். குரியாவின் நாடகம் 1957இல் புத்தகமாக வந்தது.

இவற்றைப் புரட்சி நாடகம் என்று தூக்கிப்பிடிக்க நான் தயாரில்லை. தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும்: காதல், சூனியம், போலீஸ் என்று நகரத்துக்கு வந்த இளைஞனின் தடுமாற்றங்கள். காட்டைப் பற்றிப் பேசவில்லை; பேசியிருந்தால் எழுதிய பையன் பள்ளியில் இருந்திருக்க மாட்டான். குரியாவின் நாடகத்தை அச்சிட்டது 1948இல் காலனிய ஆட்சி தொடங்கிய கிழக்கு ஆப்பிரிக்க இலக்கியப் பணியகம். கிஸ்வாஹிலி என்பதும் அந்தப் பையன்களில் பெரும்பாலோருக்கு வீட்டு மொழி இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் நடந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த பிரதியை ஒப்பிக்கிற மேடைக்குப் பக்கத்திலேயே, தானே எழுதலாம், பரீட்சை எழுதாதவர்களும் உட்கார்ந்து கேட்கலாம் என்கிற ஒரு பழக்கம் உருவானது. நடிப்பு, ஒத்திகை, திரை கட்டுவது எல்லாவற்றையும் ஆண்டு விழாவில் கற்றிருக்கலாம். அந்தக் கைவேலையை எடுத்துக்கொண்டு பார்வையாளரை மாற்றிவிட்டார்கள். உள்ளடக்கம் சாதுவாகத்தான் இருந்தது. கூட்டம் வேறு.

5

பின்னால் நடந்ததை இந்த வேறுபாட்டை வைத்துத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. விடுதலைக்குப் பிறகு 1964இல் ஒமிண்டே ஆணையம் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பயிற்றுமொழியாக இருக்கலாம் என்றது. காலனியம் தயங்கித் தயங்கிச் செய்ததைச் சுதந்திர அரசு தாராளமாகச் செய்தது. 1968இல் நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகி, ஓவூர் அன்யும்பா, தபான் லோ லியோங் மூவரும் ஆங்கிலத் துறையையே கலைத்துவிட்டு ஆப்பிரிக்காவை மையமாக வைக்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார்கள். 1974இல் பள்ளி இலக்கியப் பாடத்திட்டம் பற்றி நைரோபியில் ஒரு மாநாடு கூடியது. இவை முக்கியமான போராட்டங்கள்தான். ஆனாலும் இவை பட்டியலைப் பற்றிய போராட்டங்கள்: எந்த ஆசிரியர் உள்ளே, எந்த ஆசிரியர் வெளியே. வகுப்பறை அப்படியே இருந்தது, பரீட்சை அப்படியே இருந்தது.

1977ஆம் ஆண்டு ஜூலையில் கூகியின் 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' ஆங்கில நாவல் வெளிவந்தது. ஆளும் வர்க்கத்தைத் தோலுரிக்கிற நாவல். வெளியிட்டு வைத்தவர் அன்றைய நிதியமைச்சர் முவாய் கிபாகி. அதே ஆண்டு அக்டோபரில், கூகியும் கூகி வா மிரியும் கிகூயுவில் எழுதிய 'ங்காஹிகா ண்டேண்டா' (விருப்பமானபோது மணப்பேன்) நாடகத்தை விவசாயிகளும் தொழிலாளர்களும் தாங்களே கட்டிய திறந்தவெளி அரங்கில் நடித்தார்கள். இடம், கமிரீத்து. நவம்பரில் தடை. டிசம்பர் கடைசி நாளில் கூகி கைது, ஓராண்டுச் சிறை. 1982இல் அரங்கத்தையே போலீஸ் இடித்துத் தள்ளியது. சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் கிகூயுவில் எழுதிய நாவல்தான் நம்மவர்கள் தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று படித்தது.

ஒரே மனிதர், ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே அரசியல். ஒன்றுக்கு அமைச்சர் வந்தார், மற்றதற்குப் போலீஸ் வந்தது. வித்தியாசம் பிரதிக்குள் இல்லை. யார் கேட்டார்கள், யார் மேடை கட்டினார்கள் என்பதில் இருந்தது. அரசாங்கத்துக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. விமர்சகர்களாகிய நமக்குத்தான் புரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

2010 அரசியல் சட்டம் கிஸ்வாஹிலியை ஆங்கிலத்தோடு ஆட்சிமொழி ஆக்கியது. நல்லது. ஆனால் ஒரு பள்ளியில் இலக்கிய மன்றம் நடக்கிறது என்று கேள்விப்பட்டால், அங்கே ஷேக்ஸ்பியரா அச்சிபியா என்று விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. நாள் குறிப்பது யார், பரிசு கொடுப்பது யார், முன்வரிசை யாருக்கு, பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்தால் அவளுக்குப் புரியுமா, இத்தனையும் கேட்க வேண்டும். கடைசியாக ஒன்று: அன்றைக்கு ஆங்கிலத்தில் போய்விட்ட பையன் எங்கே?