மிதக்கும் காற்றாலையின் பின்னோட்டம்: துல்லியத்தை எங்கே நின்று அளப்பது?

காற்றாலையைக் கடந்த காற்று வேகம் குறைந்து, சுழன்றபடி நெடுந்தூரம் ஓடுகிறது. இதை இக்கட்டுரை பின்னோட்டம் என்று குறிக்கும். அடுத்த வரிசை டர்பைனுக்குக் கிடைப்பது இந்தக் களைத்த காற்றுதான். ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கரைக்கு அப்பால் 2017 முதல் இயங்கும் ஹைவிண்ட் பண்ணையில் 5 டர்பைன்கள் மிதக்கின்றன. நார்வேயின் ஹைவிண்ட் டாம்பெனில் 11. பண்ணை பெருகப் பெருக, பின்னோட்டக் கணக்கின் பிழை மின் உற்பத்திக் கணக்கில் போய் விழும். எனவே பின்னோட்டத்தைக் கணிக்கும் எந்த உருவகமுறை துல்லியமானது என்று கேட்கிறோம். எதை அளக்க, எவ்வளவு தொலைவில், எத்தகைய காற்றில் என்று சேர்த்துக் கேட்காதவரை அந்தக் கேள்விக்கு விடை கிடையாது என்பது என் வாதம்.

1983இல் டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தில் யென்சன் தந்த மாதிரியில் பின்னோட்டம் நேர்கோட்டில் விரியும் ஒரு கூம்பு. டர்பைன் அசையாது என்பது அதன் சொல்லாத அடிப்படை. மிதக்கும் டர்பைனில் அந்த அடிப்படையே ஆடுகிறது.

இந்த ஆட்டத்தைச் சோதிக்க, உருவகக் கருவிகளை அளவீட்டோடு ஒப்பிடும் ஓசி6 கூட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் காற்றுச் சுரங்கத்தின் அளவீடுகளை எடுத்துக்கொண்டது. 10 மெகாவாட் டர்பைன் ஒன்றின் 75இல் ஒரு பங்கு உருவம், முன்னும் பின்னும் அசைக்கப்பட்டது. எளிய முறைகள் உட்படப் பெரும்பாலானவை சுழலியின் மீதான உந்துவிசையை அளவீட்டோடு ஒட்டியே தந்தன. மதிப்புள்ள முடிவுதான். ஆனால் பின்னோட்டம் அங்கே அளக்கப்பட்டது சுழலி விட்டத்தின் மூன்று மடங்குத் தொலைவுக்குள். பண்ணையில் அடுத்த டர்பைன் நிற்பதோ பொதுவாக ஆறேழு விட்டத்துக்கு அப்பால். வாசலில் சரியாக இருந்த கணக்கைக் கொல்லைவரை நம்பச் சொல்வது நியாயமா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த 10 மெகாவாட் டர்பைனின் சுழலி விட்டம் 178 மீட்டர். காற்று நொடிக்கு 11 மீட்டர். மிதவை 30 நொடிக்கு ஒருமுறை பக்கவாட்டில் ஆடுகிறது என்று கொள்வோம். அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கிக் காற்றின் வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்ட்ரூகல் எண்: இங்கே சுமார் 0.54. பத்து நொடி அலையின் அசைவுக்கு அதே எண் 1.6. இந்த வேறுபாடு முக்கியமானது. லி, டாங், யாங் மூவரும் 2022இல் வெளியிட்ட, பெரிய சுழல்களை நேரடியாகக் கணிக்கும் பெருஞ்சுழல் உருவக ஆய்வில், கொந்தளிப்புக் குறைந்த காற்றில், ஸ்ட்ரூகல் எண் 0.2க்கும் 0.6க்கும் இடைப்பட்ட பக்கவாட்டு அசைவு பின்னோட்டத்தையே பாம்புபோல் நெளியவைத்தது. நெளிவின் வீச்சு மிதவையின் அசைவைப்போல் பத்து மடங்குவரை வளர்ந்தது. கண்ணில் படும் அலையாட்டத்தைவிட மெதுவான ஆட்டமே காற்றைக் கலைக்கிறது.

இப்போது, ஃபாஸ்ட்.ஃபார்ம் போன்ற பொறியியல் கருவிகள் நாடும் நெளிவு மாதிரியைப் பார்ப்போம். அதில் பின்னோட்டத் தட்டுகளைச் சூழ்காற்றின் பெரிய கொந்தளிப்பு அங்குமிங்கும் சுமந்து செல்கிறது. தட்டுகள் தாமாக எதையும் பெருக்குவதில்லை. மிதவையின் சிறு அசைவு, பின்னோட்டத்துக்கும் சூழ்காற்றுக்கும் இடையிலான வெட்டு அடுக்கில் வளர்ந்து நெளிவாகும் வழி அந்த அமைப்பிலேயே இல்லை. எத்தனை குணகங்களைத் திருகினாலும் இல்லாத வழி முளைக்காது.

இன்னொரு வகை, இறக்கைகள் விடும் சுழிகளைத் தொடரும் முறை; அது அருகில் அழகாகப் பொருந்தும். தொலைவில் சுழிகள் உடைந்து கலக்கும்போது, அதன் விடை சுழிக் கருவின் பருமனை நாம் எப்படிக் கொடுத்தோம் என்பதைச் சார்ந்துவிடுகிறது. பெருஞ்சுழல் உருவகம் அந்தக் கலப்பைக் கணிக்கிறது, விலை அதிகம். இறக்கையின் விசையை வலைக்கண்களில் பரப்பும் அகலம் அதிலும் நாம் தேர்வதுதான்.

எதிர்வாதம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வரும் காற்றிலேயே கொந்தளிப்பு மிகுந்திருந்தால் அதுவே பின்னோட்டத்தைக் கலைத்துவிடும்; மிதவையின் பங்கு அதில் அமுங்கும். அப்போது எளிய மாதிரி போதும். ஆனால் கடல்மேல் காற்று நிலத்துக் காற்றைவிடப் பல வேளைகளில் அமைதியானது. பின்னோட்டம் நெடுந்தூரம் நீடிப்பதும் அத்தகைய நேரத்தில்தான்.

ஆகவே இத்துறையில் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். துல்லியம் என்று ஒரு எண்ணைத் தரும்போது, அளந்த தொலைவு, வரும் காற்றின் கொந்தளிப்பு, அசைவின் ஸ்ட்ரூகல் எண் ஆகிய மூன்றையும் அதே வரியில் எழுதுங்கள்.