படமெடுப்பவருக்குப் படியளப்பது யார்?



நம் முகையூரில் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் போட்டோ உண்டு. கரும்பு வெட்டப் போகிறவர்களோடு ஒரு வருஷம் கூடவே இருந்து யார் எடுப்பார்கள்? பத்திரிகை அன்றைய படத்துக்குத்தான் காசு தரும்.

ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக்கழிவின் பாதரசத்தால் முடங்கியவர்களை, 1971 முதல் அங்கேயே தங்கிப் படமெடுத்தார் அமெரிக்கரான யூஜின் ஸ்மித். ஆலைத்தரப்பு ஆட்களிடம் அடியும் வாங்கினார். 1978இல் இறந்தார். அவர் பெயரில் அமைந்த நிதி, இப்படி நீண்டநாள் உழைக்கும் படக்காரர்களுக்கு 1980 முதல் கைகொடுக்கிறது.

நம் தமிழ்நாட்டில் மதுரைப் பக்கத்து எம். பழனி குமார். தாயார் மீன் விற்றவர். கையால் மலம் அள்ள வைப்பதை 2013இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் அது நடப்பதைப் படமெடுத்தார். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் இவரே. 2020இல் போட்டோ சவுத் ஏசியா நிதியுதவி கிடைத்தது. 2022இல் முதல் தயானிதா சிங்–பாரி விருது, 2 லட்சம் ரூபாய். அதே ஆண்டு ஹாசல்பிளாட் விருது பெற்ற தயானிதாவும் புகைப்படக்காரர்தான். படக்காரரின் கஷ்டம் படக்காரருக்குத்தானே தெரியும்!

நம் பிள்ளைகள் யாராவது கேமராவோடு அலைந்தால், கல்யாண ஆர்டர் பிடிக்கச் சொல்வதோடு இதையும் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களும், என்ன செய்யப்போகிறோம் என்ற விளக்கமும் கேட்பார்கள். விளக்கம் எழுதத் திணறினால் என்னிடம் அனுப்புங்கள்.