வளர்த்த பிள்ளையை விடும் வேளை



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தலைமையாசிரியரின் மேசைக்கு வரும் தாள்களுள் மிகச் சிறியது மாற்றுச் சான்றிதழ். அதில் கையெழுத்திட ஒரு நிமிடம் போதும். ஒரு முறை அந்தக் கையெழுத்தை நான் ஏழு மாதங்கள் இடாமல் வைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கால்பந்தில் எங்கள் பள்ளியின் சென்டர் பார்வர்டு. நகரத்துப் பள்ளியொன்று விளையாட்டு விடுதியில் இடம் தருவதாக அவனை அழைத்தது. ஜூன் மாதம் அவன் தந்தை என்னிடம் வந்தார். “மாவட்டப் போட்டி முடியட்டும்” என்றேன். “ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று சொல்லிப் போய்விட்டார். கோப்பை எங்களுக்குக் கிடைத்தது. அதற்குள் விடுதியில் அவனுக்குரிய இடம் வேறொருவனுக்குப் போயிற்று. பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளநூல் படித்துத் தேறிய எனக்கு, அந்தப் பிள்ளைக்கு இனி என்ன தேவை என்று கேட்கத் தோன்றவில்லை; என் பள்ளிக்கு என்ன தேவை என்பதே முன்னால் நின்றது.

தாமே வளர்த்த இளம் ஆட்டக்காரரைக் கால்பந்துக் கழகங்கள் எப்போது விட வேண்டும் என்ற கேள்வியை நான் ஆர்வத்தோடு படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். இக்கேள்விக்கு இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தின் வரலாறு நல்லதொரு பாடப் புத்தகம். 1878-இல் தோன்றிய எவர்ட்டன் கழகமும், அதிலிருந்து வாடகைத் தகராறு காரணமாக 1892-இல் பிரிந்த லிவர்பூல் கழகமும் ஒரு பூங்காவின் இருபுறத்திலும் மைதானம் வைத்து நூறாண்டுக்கு மேல் ஆடி வந்தன. எவர்ட்டன் 2025-இல்தான் துறைமுகக் கரைக்குக் குடிபெயர்ந்தது.

முதற் பாடம் ஆற்றுக்கு அக்கரையில் தொடங்குகிறது. பிர்க்கன்ஹெட் என்ற ஊரில் 1907-இல் பிறந்த டிக்ஸி டீன், உள்ளூர்க் கழகமான டிரான்மியர் ரோவர்ஸில் ஆடினார். அது மூன்றாம் பிரிவுக் கழகம். 1925 மார்ச்சில், அவருக்குப் பதினெட்டு வயதானபோது, 3,000 பவுன் பெற்றுக்கொண்டு எவர்ட்டனுக்கு அவரை விட்டுக்கொடுத்தது. மூன்றாம் பிரிவில் அவர் மேலும் கற்பதற்கு என்ன இருந்தது? 1927-28 பருவத்தில் லீக் பந்தயங்களில் மட்டும் அவர் அறுபது கோல் போட்டார். இங்கிலாந்தின் முதற் பிரிவில் அந்த எண்ணிக்கையை இன்றுவரை ஒருவரும் எட்டவில்லை. சின்னக் கழகத்துக்கு அந்த மூவாயிரம் பவுன் பெருந்தொகை என்பதையும் மறக்கலாகாது. விட்டவர்களும் பிழைத்தார்கள், போனவரும் உயர்ந்தார்.

அக்காலத்தில் விடுவதா, வைப்பதா என்ற முடிவு முழுவதும் கழகத்தின் கையில் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரைப் பிடித்து வைக்கலாம். 1961 வரை வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் இருந்தது. கடைசியில் அது 20 பவுனாக நின்றது. ஜார்ஜ் ஈஸ்தம் என்ற ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், இவ்வாறு பிடித்து வைப்பது நியாயமற்ற தொழில் தடை என்று 1963-இல் தீர்ப்பாயிற்று. 1995-இல் போஸ்மன் என்னும் பெல்ஜிய நாட்டவரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னும் ஒரு படி சென்றது. அதன் பயனாக, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விலையின்றியே வேறு கழகத்துக்குப் போகலாம் என்றாயிற்று. அன்று முதல் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு கழகங்களுக்குச் சோதனை ஆண்டாகிவிட்டது.

லிவர்பூல் கழகத்தின் மைக்கேல் ஓவன் வரலாறு இதற்குச் சான்று. சிறுவனாக வந்து அங்கேயே வளர்ந்தவர். 1997 மே மாதம் தம் முதற் பந்தயத்திலேயே கோல் போட்டவர். 2001-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப் பந்தைப் பெற்றவர். ஒப்பந்தத்தில் ஓராண்டே எஞ்சியிருந்த நிலையில், 2004 ஆகஸ்டில், இருபத்துநான்கு வயதில், ரியல் மாட்ரிட் கழகத்துக்குப் போனார். லிவர்பூலுக்குக் கிடைத்தது 80 லட்சம் பவுனும் நூனியஸ் என்ற ஓர் ஆட்டக்காரருமே. அடுத்த ஆண்டே நியூகாசில் கழகம் அவரை ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுத்து வாங்கியது என்றால், இழந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். 2005 மே மாதம் லிவர்பூல் இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அதைக் காட்டி, விட்டது நல்லதே என்பார் உளர். தேர்வில் தற்செயலாக மதிப்பெண் வந்துவிட்டால் படிக்காமல் இருந்தது சரியாகிவிடுமா? இரண்டாண்டு முன்னதாகவே புது ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். இயலாதெனில் அப்போதே விட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஓவனுக்கு முன் அங்கே வளர்ந்தவர் ராபி பவுலர். 1993-இல் ஃபுல்ஹாம் கழகத்துக்கு எதிரே ஒரே பந்தயத்தில் ஐந்து கோல் போட்ட பதினெட்டு வயதுப் பிள்ளை. பின்னர் மூன்று பருவங்கள் தொடர்ந்து முப்பதுக்கு மேல் கோல் போட்டார். காயங்கள் அவரைத் தளர்த்தின. 2001 நவம்பரில் ஒரு கோடிப் பவுனுக்கு மேல் பெற்றுக்கொண்டு லீட்ஸ் கழகத்துக்கு அவரைக் கொடுத்தார்கள். ஊர் மக்கள் மனம் வருந்தினார்கள். ஆனால் கணக்கு தவறவில்லை. 2006 ஜனவரியில் விலையின்றியே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டதில் கழகத்தின் பழைய பாசமும் தெரிகிறது. இதில் ஒரு வேடிக்கை. பவுலரும் ஓவனும் இளமையில் எவர்ட்டன் கழகத்தின் அன்பர்கள்!

எவர்ட்டனுக்கு வருவோம். டீனால் உயர்ந்த அதே கழகம், டிரான்மியரின் இடத்தில் தான் நிற்க நேர்ந்த கதை இது. வெய்ன் ரூனி அந்நகரத்துப் பிள்ளை. பள்ளிப் பருவத்திலேயே எவர்ட்டனுக்கு வந்தவர். 2002 அக்டோபர் 19-ஆம் நாள், பதினேழு வயது நிறைய ஐந்து நாள் இருந்தபோது, ஆர்சனல் கழகத்துக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் தொலைவிலிருந்து உதைத்த பந்து வலைக்குள் சென்றது. லீக் பந்தயங்களில் முப்பது ஆட்டம் தோல்வி காணாத ஆர்சனல் அன்று தோற்றது. “ஒருமுறை நீலன், என்றும் நீலன்” என்ற வாசகம் எழுதிய உட்சட்டையை ரூனி அணிந்து காட்டியதும் அக்காலத்தில்தான். நீலம் எவர்ட்டனின் நிறம்.

2003-04 பருவத்தில் அக்கழகம் பதினேழாவது இடத்தில் நின்றது. இன்னும் ஓர் இடம் இறங்கியிருந்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்பட்டிருக்கும். கடனும் அழுத்தியது. அந்தக் கோடையில் ஐரோப்பிய நாடுகளின் போட்டியில் ரூனி நான்கு கோல் போட்டு உலகறிந்தவரானார். தம்மை விடுமாறு கழகத்துக்கு எழுதியும் கொடுத்தார். ஆகஸ்டு 31-ஆம் நாள், இரண்டு கோடிப் பவுனுக்கு மேற்பட்ட தொகைக்கு, மான்செஸ்டர் யுனைட்டெட் அவரை வாங்கியது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அப்போது வேண்டியது உயர்ந்த பந்தயங்கள். எவர்ட்டனில் அவை இல்லை. முதற் பந்தயத்திலேயே, ஃபெனர்பாசே கழகத்துக்கு எதிராக, மூன்று கோல் போட்டார். பதின்மூன்று ஆண்டுகளில் 253 கோல் போட்டு, பாபி சார்ல்டனின் பழைய எல்லையையும் கடந்தார்.

விட்ட கழகம் என்னவாயிற்று என்பதே எனக்கு வியப்பூட்டுவது. அந்தப் பருவத்தின் முடிவில் எவர்ட்டன் நான்காவது இடம் பெற்றது, லிவர்பூலுக்கும் மேலே! போட்டது 45 கோல், வாங்கியது 46. நடுக்களத்தில் ஆடிய டிம் கேஹில், ரூனி போகுமுன்னரே குறைந்த விலையில் வந்தவர், அந்தப் பருவத்தில் அக்கழகத்துக்கு மிகுதியான கோல் போட்டவர் அவரே. ஒருவனையே நம்பியிருந்த வகுப்பில், அவன் போன பிறகு மற்றப் பிள்ளைகள் கை உயர்த்தத் தொடங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

எல்லாப் பிள்ளையையும் விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. ஹாரி கேனை டாட்டன்ஹாம் கழகம் 2011 முதல் நான்கு கழகங்களுக்கு இரவல் கொடுத்தது. அங்கெல்லாம் அவர் போட்ட கோல்கள் சிலவே. அவற்றை மட்டும் எண்ணித் தீர்ப்பளித்திருந்தால், பின்னாளில் அக்கழகத்துக்கு 280 கோல் போட்டவரை இழந்திருப்பார்கள். முன்வரிசைப் பிள்ளைக்கு வறண்ட பருவம் வரும். அது மழையில்லாத ஆண்டு போன்றது. அதற்காக நிலத்தை விற்பவன் உழவன் அல்லன். அவரைச் சிறுவனாக இருந்தபோதே ஆர்சனல் வேண்டாமென்று அனுப்பிவிட்டது தனிக்கதை.

2017-இல், முப்பத்தொரு வயதில், ரூனி எவர்ட்டனுக்கே திரும்பினார். பருவத்தின் முதல் லீக் பந்தயம் ஸ்டோக் சிட்டி கழகத்தோடு. எவர்ட்டன் ஒரு கோலில் வென்றது. போட்டவர் ரூனி. அடுத்த ஆண்டு அவர் அமெரிக்காவுக்குப் போனபோது, கழகத்தார் யாரும் தடுக்கவில்லை.