அப்பாவின் சின்ன மரக்கால்

தஞ்சை மாவட்டத்துப் பண்ணையொன்றில் என் அப்பா காரியக்காரர். அங்கே இரண்டு மரக்கால் உண்டு. குத்தகை நெல் வாங்கப் பெரியது. கூலி அளக்கச் சிறியது.

1952-இல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சைக்கென்று பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபடி நீக்குவதைத் தடுத்தது, கூலியையும் நிர்ணயித்தது. ஆனால் எங்கள் ஊர்க் களத்தில் அளந்தது அதே சின்ன மரக்கால்தான். அளந்த கை அப்பாவுடையது.

ஓய்வுபெற்றதும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். "இது எதுக்குப்பா?" என்றேன்.

"உங்க நாலு பேரையும் படிக்க வச்சது இதுதான்டா. எத்தனை வீட்டுல அரைவயிறா படுத்தாங்கன்னும் எனக்குத் தெரியும்" என்றார்.

அந்தப் படிப்பில்தான் நான் ஆசிரியரானேன். அவர் நினைவுநாளில் இதை மறைக்க மனமில்லை.