நாராயணவனத்துக் கருங்கல்லும் வானம் காணாத எரிமலைக் குழம்பும்

பத்மாவதி திருமணத்தோடு தொன்மம் இணைக்கும் நாராயணவனத்தைச் சூழ்ந்த நகரி மலைகள் எரிமலைப் பாறையால் ஆனவை அல்ல. மணல் படிந்து இறுகிய குவார்ட்சைட்டால் ஆனவை. ஆனால் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சமவெளியில், வெளிர்நிறக் கிரானைட்டை ஊடறுத்துக்கொண்டு கரிய உருண்டைக் கற்களின் நீண்ட மேடுகள் ஆங்காங்கே ஓடுகின்றன. இவை டோலரைட் டைக்குகள். வேதியியல் அளவில் பசால்ட்டும் இதுவும் ஒன்றே.

தமிழில் 'கருங்கல்' என்னும் ஒரே சொல் இவை அனைத்தையும் மூடிவிடுகிறது. பல்லாவரத்துக் கருங்கல்லும் பசால்ட் அன்று. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லை ஆராய்ந்து 1893இல் ஹாலந்து அதற்குச் சார்னகைட் எனப் பெயரிட்டார். நிறம் ஒரு பாறையின் பிறப்பைச் சொல்லாது.

பசால்ட்டின் பிறப்பிடம் புவியின் மூடகம். அங்குள்ள பாறை மேலெழும்போது அழுத்தம் குறைந்து ஒரு பகுதி உருகுகிறது. அக்குழம்பில் சிலிக்கா ஏறத்தாழ 45 முதல் 52 விழுக்காடு. இரும்பும் மக்னீசியமும் மிகுதி. ஆகவே அது இளகி ஓடும். கரிய நிறமும் எடையும் அதனாலேயே. சுமார் 1,100 முதல் 1,200 பாகை செல்சியசில் வெளியே வழிந்தால் விரைவில் குளிர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்படிகங்கள் கொண்ட பசால்ட் ஆகிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் அவ்வாறே நிகழ்ந்தது. அதன் கிழக்குக் கோடியை ராஜமுந்திரியில் காணலாம். அதே குழம்பு வெடிப்புகளுக்குள்ளேயே தங்கி மெல்லக் குளிர்ந்தால், பெரிய படிகங்களோடு டோலரைட் ஆகிறது.

பசால்ட் நெருப்பில் பிறந்ததென்பதே ஒரு காலத்தில் வழக்குக்குரியதாயிருந்தது. கடல்நீரில் படிந்த பாறை என்று வெர்னரின் மாணவர்கள் சாதித்தனர். அதற்கு முன்னரே, 1763இல், பிரான்சின் ஓவர்ன் பகுதியில் பசால்ட் தூண்களை எரிமலைக் குழம்போடு தொடர்புபடுத்தியிருந்தார் தெமாரே. வாதத்தைவிட நிலத்தைப் பார்த்த கண் வென்றது எனலாம், சற்றுத் தாமதமாக.

சித்தூர்ப் பகுதிக்கும் அத்தகைய ஒரு சான்று உண்டு. திருமலை மலைப்பாதையில் கீழே பழைய கிரானைட்டும் நைஸும், மேலே நகரி குவார்ட்சைட்டும் சந்திக்கும் எல்லை வெளிப்பட்டு நிற்கிறது. 'எபார்க்கியன் முறிவு' எனப்படும் இது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். கீழ்ப்பாறையை ஊடறுக்கும் டைக்குகளுக்கு 210 கோடி ஆண்டுகளுக்கு மேல், மேற்பாறைக்கு 160 கோடி ஆண்டுகள் என மதிப்பிட்டுள்ளனர். இடைப்பட்ட ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு அங்கே படிவு ஏதும் எஞ்சவில்லை. டைக்குகளின் வழியே ஏறிய குழம்பு அன்றைய நிலப்பரப்பில் வழிந்திருந்தாலும், அந்த நீண்ட அரிப்பில் அது அழிந்திருக்கும். எஞ்சியது வேர் மட்டுமே.

அந்த வேரைத்தான் கல்குவாரிகள் 'பிளாக் கிரானைட்' என்று அறுத்தெடுக்கின்றன. அது கிரானைட் அன்று; வணிகத்துக்கு நிறமே இலக்கணம். டோலரைட்டில் உள்ள மாக்னடைட் துகள்கள் குழம்பு குளிர்ந்த காலத்துப் புவிக் காந்தத் திசையைக் காத்து வைத்திருக்கின்றன. அதைக்கொண்டே அக்காலத்தில் இந்நிலத்துண்டு எந்த அகலாங்கில் கிடந்தது என்று கணிக்கிறார்கள். கல் தன் இடத்தில் பொருந்தியிருக்கும்போது மட்டுமே அந்தக் கணிப்பு செல்லும். மெருகேறிய பலகையில் துகள்கள் அப்படியே இருக்கும்; அவை எந்த வடக்கைச் சுட்டின என்பதை அறிய வழியிராது.